கொழுந்துக் கணக்கும் கொம்பியூட்டர் படிப்பும்

"பிள்ளையைக் கொம்பியூட்டர் படிக்க வைக்கணும்" என்ற பேச்சு இப்போது லயத்துக்கு லயம் கேட்கிறது. நல்ல பேச்சுதான். ஓ.எல். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரைக்கும் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிற மாதங்களில் டவுன் வகுப்புகளுக்கு நல்ல வியாபாரம். தாய்மார் சீட்டுக் காசை எடுத்தும், காதில் கிடப்பதை அடகு வைத்தும் பணம் கட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்து பிள்ளை கலர் சேர்ட்டிபிகேட் ஒன்றோடு வீட்டுக்கு வருகிறது. "இதைக் கொண்டு எங்கேங்க வேலை கேட்கிறது?" என்று நம்மிடம் வந்து கேட்கும்போது பல சமயம் சொல்வதற்கு நல்ல பதில் இருப்பதில்லை.

ஆகவே இந்தப் படிப்பு என்றால் என்ன, அதை எங்கிருந்து தொடங்குவது, எந்தக் கடதாசிக்குப் பெறுமதி உண்டு என்பவற்றை இங்கே பார்ப்போம். பாடம் கொஞ்சம் நீளம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் கேட்டால் நல்லது.

மெசின் வேறு, படிப்பு வேறு

கடிதம் டைப் பண்ணுவது, படம் கீறுவது, பிரின்ட் எடுப்பது எல்லாம் கொம்பியூட்டரைப் பாவிக்கும் பழக்கம். அதுவும் தேவைதான். ஆனால் தையல் மெசினை மிதிக்கப் பழகிய எல்லாரையும் தையல்காரர் என்று நாம் சொல்வதில்லை. துணியை அளந்து வெட்டத் தெரிந்தவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். கணனி விஞ்ஞானம் என்பது அந்த வெட்டுகிற வித்தை. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, எது முதல், எது பிறகு, எந்த நேரத்தில் எதைச் செய்யணும் என்று ஒரு சந்தேகமும் வராமல் எழுதிக் கொடுப்பது. இதைப் படிமுறை என்பார்கள். அதையே மெசினுக்கு விளங்கும் பாஷையில் எழுதினால் அது செய்நிரல், அதாவது புரோகிராம்.

இதைத் தொடங்குவதற்கு மெசின் வேண்டாம். அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும். இதை வெறும் ஆறுதல் வார்த்தையாகச் சொல்லவில்லை. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

தேத்தண்ணிக் கம்பனி கட்டிய கொம்பியூட்டர்

உலகத்தில் ஒரு கம்பனியின் அலுவலகக் கணக்குகளுக்கென்று முதன்முதலில் ஓடிய கொம்பியூட்டரைக் கட்டியது ஒரு தேத்தண்ணிக் கம்பனி என்றால் பலர் நம்ப மாட்டார்கள். உண்மைதான். இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்று ஒரு கம்பனி இருந்தது. (நம்ம லயன் காம்பராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அது ஒரு ஆளின் பெயர்.) தேயிலை விற்றது, கேக்கும் பாணும் சுட்டது, இருநூறுக்கு மேல் தேத்தண்ணிக் கடைகள் நடத்தியது. ஒரு கடையில் ஒரு கோப்பை தேத்தண்ணி விற்றால் கிடைப்பது சில்லறைக் காசு. அந்தச் சில்லறைக்குக் கணக்கு எழுதவே ஒரு பட்டாளம் கிளார்க்குமார் வேண்டியிருந்தது.

1947இல் அந்தக் கம்பனியின் உத்தியோகத்தர் இருவர் அமெரிக்காவுக்குப் போய், அப்போதுதான் பிறந்திருந்த கொம்பியூட்டர்களைப் பற்றி விசாரித்தார்கள். தங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒன்று கட்டப்படுகிறது என்று அங்கே போய்த்தான் அறிந்து கொண்டார்கள். கம்பனி அந்த வேலைக்கு 3,000 பவுண் உதவி கொடுத்தது. அந்த மெசின் 1949இல் ஓடியது. அதைப் பார்த்து லயன்ஸ் கம்பனி தனக்கென்று ஒன்றைக் கட்டி அதற்கு 'லியோ' என்று பெயர் வைத்தது. 1951இல் லியோ தன் அலுவலக வேலையைத் தொடங்கியது. முதல் வேலை பேக்கரிக் கணக்கு. 1954 முதல் தொழிலாளர் சம்பளக் கணக்கும் அதன் தலையில் வந்தது. அனுபவமுள்ள ஒரு கிளார்க் ஒரு ஆளின் சம்பளத்தைக் கணக்குப் போட எட்டு நிமிடம் எடுப்பார். லியோவுக்கு ஒன்றரை செக்கன்.

அந்த ஒன்றரை செக்கனுக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்து சம்பளத்தின் ஒவ்வொரு விதியையும் எழுத வேண்டியிருந்தது. எந்தக் கழிவு முதலில், எது பிறகு, வேலைக்கு வராத நாளுக்கு என்ன, மேலதிக நேரத்துக்கு என்ன என்று எல்லாவற்றையும். அப்படி எழுதியவர்களில் மேரி கூம்ஸ் என்ற பெண்மணியும் ஒருவர். கணிதப் பட்டம் பெற்றவர் அல்ல. லண்டனில் பிரெஞ்சு மொழி படித்தவர். லயன்ஸ் கம்பனி தன் ஊழியர்களுக்கு நடத்திய ஒரு வகுப்பில் இருந்து தெரிவாகி 1952இல் லியோ வேலைக்கு வந்தார், சம்பளக் கணக்குச் செய்நிரல்கள் எழுதினார். வியாபார வேலைக்குச் செய்நிரல் எழுதிய முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். 2022இல் காலமானார்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம் என்றால், சம்பளக் கணக்கு நமக்குப் புதிது இல்லை. பேர், அரைப்பேர், கிலோக் காசு, கழிவு என்று மாதா மாதம் நம் வீட்டில் நடக்கிற பேச்சு அது. லியோவுக்கு எழுதிக் கொடுத்ததும் இதே ஜாதி விஷயம்தான்.

கொழுந்து மடுவத்தில் ஒரு பாடம்

பிள்ளைகளை வைத்து நாம் செய்து பார்க்கிற ஒரு பயிற்சியை இங்கே தருகிறோம். கொழுந்து மடுவத்தில் கணக்கப்பிள்ளை செய்யும் வேலையை, மலையையே பார்க்காத ஒரு ஆளுக்கு விளங்குகிற மாதிரி எழுதச் சொல்வோம். அந்த ஆள் நல்லவர், சொன்னதைச் சொன்னபடி செய்வார். ஆனால் சொல்லாத எதையும் செய்ய மாட்டார், சொந்தப் புத்தியும் பாவிக்க மாட்டார். மெசின் அப்படித்தான். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று எழுதியது இது:

ஆளின் பெயரை எடு.
நிறுத்த கிலோவை எழுது.
சாக்குக்கு உள்ளதைக் கழி.
மிச்சம் 18க்குக் கூடவா என்று பார்.
கூட என்றால் முழுப்பேர் போடு.
இல்லாவிட்டால் அரைப்பேர் போடு.
அடுத்த ஆளுக்குப் போ.

(18 என்பது உதாரணத்துக்கு வைத்த நோம். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அரைப்பேர் போடுவது நியாயமா என்பது வேறு வழக்கு, அதை இங்கே எடுக்கவில்லை.)

படித்துப் பார்த்தால் சரி போலத்தான் இருக்கிறது. "ஒரு அக்கா சரியாக 18 கிலோ கொண்டு வந்தால்?" என்று கேட்டோம். பிள்ளைகள் முழுப்பேர் என்றார்கள். எழுதியிருப்பதை மறுபடி பாருங்கள். 18க்குக் கூடவா என்றுதான் இருக்கிறது. 18 என்பது 18க்குக் கூட இல்லை. ஆகவே அரைப்பேர். ஒரே ஒரு சொல் விடுபட்டதால் ஒரு மனுசிக்கு அரைநாள் சம்பளம் போய்விட்டது. கணக்கப்பிள்ளை என்றால் முகத்தைப் பார்த்துச் சரி செய்வார், இல்லாவிட்டால் நாம் சண்டை பிடிப்போம். மெசினுக்கு முகமும் தெரியாது, சண்டையும் விளங்காது. "18 அல்லது அதற்குக் கூட" என்று எழுதினால்தான் சரி.

அடுத்த பிழையை ஒரு பொடியன் கண்டுபிடித்தான். நிறுவை ஒரு நாளைக்கு ஒருதரம் இல்லையே, காலை, பகல், அந்தி என்று மூன்று தரம் ஆச்சே. மேலே எழுதினபடி செய்தால் 7 கிலோவுக்கு ஒரு அரைப்பேர், 8 கிலோவுக்கு ஒரு அரைப்பேர், 6 கிலோவுக்கு ஒரு அரைப்பேர். ஒரே நாளில் ஒன்றரைப் பேர்! பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். மூன்றையும் கூட்டி 21 என்று எடுத்த பிறகுதான் நோமோடு ஒப்பிடணும். எதை எங்கே கூட்டுவது, எங்கே ஒப்பிடுவது என்ற இந்த ஒழுங்குதான் முழுப் படிப்புக்கும் முதுகெலும்பு.

இன்னொன்று பெயர். ஒரே செக்ரோலில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் யாருக்குப் பேர் போடுவது? அதனால்தான் ஆளுக்கு ஒரு நம்பர் இருக்கிறது. கொம்பியூட்டரிலும் அப்படியே. ஆளைப் பெயரால் அல்ல, ஒருவருக்கு ஒன்று என்று இருக்கும் நம்பரால் அறியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், சேமலாப நிதிப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டு, காசு எடுக்க முடியாமல் அலைந்த பெரியவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். அது கணனி வருவதற்கு முன்பே நடந்த பிழை. கணனி வந்த பிறகு அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவும் முடியும், பத்து மடங்காகப் பெருக்கவும் முடியும். எழுதுகிற ஆளைப் பொறுத்தது. நம் பிள்ளைகள் அந்த நாற்காலியில் இருந்தால் இந்த வித்தியாசம் அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும் என்று நாம் நினைக்கிறோம்.

ஐந்து படிக்கல்

மெசினுக்குள்ளே எல்லாம் ஒன்றும் பூச்சியமும்தான் என்று பிள்ளைகள் பாடசாலையில் படிப்பார்கள். பெரியவர்களுக்கும் விளங்கும்படி சொல்லலாம். 1, 2, 4, 8, 16 கிலோ என்று ஐந்து படிக்கல் இருக்கிறது என்று வையுங்கள். இந்த ஐந்தை வைத்தே 1 முதல் 31 வரை எந்தக் கிலோவையும் நிறுக்கலாம். 18 கிலோவுக்கு 16ஐயும் 2ஐயும் வைத்தால் போதும். பெரிய கல்லில் இருந்து வரிசையாக, வைத்த கல்லுக்கு 1, வைக்காத கல்லுக்கு 0 என்று எழுதினால் 10010. இதுதான் மெசின் எழுதும் 18.

எழுத்தும் இப்படித்தான் நம்பராகப் போகிறது. இங்கிலீஸ் பெரிய 'ஏ'க்கு 65. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட யூனிகோட் முறையில் நம்ம 'அ'வுக்கு 2949. முன்னே பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் அடித்தபோது இங்கிலீஸ் எழுத்தின் நம்பரைத்தான் தமிழ் எழுத்துக்கு இரவல் வாங்கினார்கள். அதனால் ஒரு மெசினில் அடித்த கடிதம் அந்த எழுத்துரு இல்லாத மெசினில் குப்பையாகத் தெரிந்தது. இப்போது 'அ'வுக்குச் சொந்த நம்பர் இருக்கிறது, போனில் தமிழில் மெசேஜ் போகிறது.

பாடசாலையில் என்ன தெரிவு செய்வது

பத்தாம் வகுப்புக்குப் போகும்போது ஓ.எல். தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யணும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் அதில் ஒன்று, தமிழ் மொழியிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் வகுப்பாசிரியரிடம் போய், இந்தப் பாடம் நம்ம பாடசாலையில் இருக்கிறதா, படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை கொம்பியூட்டர் வேலை செய்கிறது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெட்டி பிரிக்காமலே பூட்டிக் கிடக்கும் மெசின்களை நாம் கண்டிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் பத்துப் பேர் எழுந்து கேட்டால் பூட்டுத் திறக்கும்.

ஏ.எல். வகுப்பிலும் இது ஒரு பாடம். கலை, வர்த்தகம் படிக்கிறவர்களும் எடுக்கலாம். 2013இல் ஏ.எல்.லில் தொழினுட்பப் பிரிவு என்று புதிதாகத் தொடங்கினார்கள், அதிலும் இருக்கிறது. அங்கே பைதன் என்ற பாஷையில் செய்நிரல் எழுதப் பழக்குகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கணிதம். நம்ம பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் அதுதான். ஏ.எல். வகுப்பில் சேரப் பொதுவாக ஆறு பாடச் சித்தி வேணும், அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்கணும். "இவளுக்குக் கணக்கு வராதுங்க, கொம்பியூட்டருக்கு விடுவோம்" என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். வாசலைச் சுவராக்கிவிட்டு வீட்டுக்குள் போகப் பார்க்கிற மாதிரி அது. டவுன் வகுப்புக்குக் கட்டும் காசில் பாதியைக் கணித டியூசனுக்குக் கட்டி மறுபடி பரீட்சை எழுத வைத்தால், அந்தப் பிள்ளைக்கு அதுதான் கூடிய பிரயோசனம். அடுத்தது இங்கிலீஸ். பாடத்தைத் தமிழில் படிக்கலாம், பரீட்சையும் தமிழில் எழுதலாம். ஆனால் செய்நிரல் பாஷைகளின் சொற்கள் இங்கிலீஸ், வேலைக்கான நேர்முகப் பரீட்சையும் பல இடங்களில் இங்கிலீஸ். இலக்கணம் முழுக்க வேண்டாம். வாசித்து விளங்கும் அளவுக்காவது வேணும்.

காசு கட்டுவதற்கு முன்

இனித்தான் முக்கியமான விஷயம். தொழிற்கல்வி வகுப்பு நடத்துகிற நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கணும். இந்த ஆணைக்குழு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆகவே டவுனில் ஒரு வகுப்புக்குப் போனால், எவ்வளவு காசு என்று கேட்பதற்கு முன், பதிவு நம்பர் என்ன என்று கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பத்திரத்தைக் காட்டுவார்கள். அதில் திகதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். பிறகு, இந்தப் படிப்பு முடிந்தால் என்.வி.கியூ. கிடைக்குமா, எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். "எங்கள் சேர்ட்டிபிகேட் இன்டர்நேஷனல்" என்று மட்டும் பதில் வந்தால், காசைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வாருங்கள்.

என்.வி.கியூ. என்பது தேசிய தொழிற்தகைமை. ஒன்று முதல் ஏழு வரை மட்டங்கள். மூன்றாம் மட்டத்தில் கணனிப் பிரயோக உதவியாளர் என்ற பயிற்சி இருக்கிறது, நான்காம் மட்டத்தில் கணனி டெக்னீசியன் பயிற்சிகள் இருக்கின்றன. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமன். அதாவது ஏ.எல். இல்லாமலே படி ஏறிப் பட்டம் வரைக்கும் போக ஒரு ஏணி உண்டு. இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், தொழினுட்பக் கல்லூரிகள் ஆகியவற்றில் கட்டணம் இல்லாத பயிற்சிகளும் குறைந்த கட்டணப் பயிற்சிகளும் இருக்கின்றன. தமிழ் மொழியில் வகுப்பு எந்த நிலையத்தில் நடக்கிறது என்பதை முதலிலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். சேர்ந்த பிறகு சிங்களத்தில்தான் வகுப்பு என்று தெரிந்து இரண்டாம் வாரமே வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் உண்டு.

டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. கையில் தொழில் இருக்கிறது, கடதாசி இல்லை என்று இருப்பவர்களுக்கு முற்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை உண்டு. வகுப்பில் மாதக்கணக்கில் உட்காரத் தேவையில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, பரீட்சகர் முன்னால் செய்து காட்டினால், தகுதிக்கு ஏற்ற என்.வி.கியூ. சான்றிதழைப் பெறலாம். வெளிநாடு போக நினைக்கிறவர்கள் இதைச் செய்துவிட்டுப் போவது நல்லது.

ஏ.எல். சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்பப் பட்டம் அது. வீட்டில் இருந்து படித்துப் பரீட்சை எழுதலாம். ஆனால் இங்கிலீஸில்தான், தானாகப் படிக்கிற பழக்கமும் வேணும்.

எந்த வேலைக்கு?

டைப் பண்ணி மட்டும் சம்பாதிக்கிற வேலை சுருங்கிக்கொண்டு போகிறது. 2022 முடிவில் சட்ஜிபிடி வந்ததிலிருந்து கடிதம் எழுதுவதையும் சின்னச் செய்நிரல் எழுதுவதையும் மெசினே செய்கிறது. இதைச் சொன்னதும் "அப்ப படிச்சு என்ன பிரயோசனம்?" என்கிறார்கள். மேலே சொன்ன 18 கிலோக் கதையை நினைத்துப் பாருங்கள். மெசின் எழுதிக் கொடுத்த கணக்கில் அந்த அக்காவுக்கு அரைப்பேர் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஆள் வேணும். பரிசோதித்துப் பார்ப்பது இந்தத் துறையில் தனி வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு. வலையமைப்புக் கேபிள் இழுப்பது, கமரா பூட்டுவது, பழுதான மெசின் திருத்துவது போன்றவற்றுக்குக் கையும் கண்ணும் வேணும். தூரத்திலிருந்து செய்ய முடியாது. நான்காம் மட்டம் படித்த பிள்ளைக்கு இவை நல்ல தொடக்கம்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. கொழும்பில் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பச் சம்மதிக்கிற வீடுகளில், பயிற்சிக்கு அனுப்ப மட்டும் "பெண்பிள்ளை, எப்படித் தனியாக விடுறது" என்று தடுக்கிறார்கள். விடுதி வசதி உள்ள நிலையங்கள் இருக்கின்றன. தாயும் தகப்பனும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கணக்கில் கெட்டியான பிள்ளையை அடுப்படியில் நிறுத்துவது வீட்டுக்கே நட்டம்.

வீட்டுப் பயிற்சி

அப்பா அல்லது அம்மாவின் சம்பளச் சீட்டை எடுங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் கட்டுவது 3 சதவீதம், அது சம்பளத்தில் கழியாது. சேமலாப நிதிக்குச் சேர்க்கிற சம்பளம் 20,000 ரூபா என்றால், தொழிலாளியிடம் கழிவது 1,600 ரூபா. தோட்டம் 2,400 ரூபா கட்டும், நம்பிக்கை நிதிக்கு 600 ரூபா. இந்தக் கணக்கை யார் செய்தாலும் அதே விடை வரும்படி, படி படியாக எழுதுங்கள். வேலைக்கே வராத மாதத்துக்கு உங்கள் படிமுறை என்ன சொல்கிறது என்றும் சோதித்துப் பாருங்கள். பிறகு சீட்டில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகள் 21 கிலோவுக்கு எந்தெந்தப் படிக்கல் வேணும் என்று எழுதலாம்.

எழுதிய கொப்பியைச் சம்பளத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருவோம். சீட்டில் உள்ள தொகையும் பிள்ளையின் தொகையும் ஒத்து வராவிட்டால் சீட்டையும் கூடவே கொண்டு வரவும்.